நகல் இருந்தது, இறக்கி வைக்க இடம் இல்லை: பிரிட்டிஷ் நூலகத்தின் மீதான 2023 சைபர் தாக்குதல்

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. காலை ஏழரை மணியளவில் பிரிட்டிஷ் நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவருக்கு நெட்வொர்க்கில் நுழைய முடியவில்லை. பத்து மணிக்கு நூலகத்தின் மேல்மட்ட நிர்வாகிகள் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் கூடினார்கள். வழக்கமாகக் கூடும் வழிகளை நம்ப முடியாத நிலை. இணையதளம், நூற்பட்டியல், புத்தகம் கேட்டுப் பதியும் வசதி, வைஃபை, தொலைபேசி என ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன.

லண்டனில் செயின்ட் பாங்க்ரஸிலும் யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பாவிலும் 17 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களை வைத்திருக்கும் நூலகம் அது. அன்று ஒரு புத்தகம்கூட எரியவில்லை, நனையவில்லை, தொலையவில்லை. டிஜிட்டல் சேகரிப்புகளின் நகல்களும் பத்திரமாக இருந்தன. அப்படியிருந்தும் முதன்மை நூற்பட்டியல் வாசகர் கைக்குத் திரும்ப 2024 ஜனவரி 15 ஆயிற்று. அப்போதும் தேடிப் பார்க்க மட்டுமே முடிந்தது. பல சேவைகள் அந்த ஆண்டு முழுவதும் மீளவில்லை.

நகல் பத்திரமாக இருந்தும் நூலகம் ஏன் நின்றது? பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களில் வேலை செய்பவர்கள் இந்த நிகழ்வில் தேட வேண்டிய விடை இதுதான். தாக்கப்பட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பிரிட்டிஷ் நூலகமோ 2024 மார்ச் 8 அன்று, தன் தவறுகளையும் சேர்த்தே, விரிவான அறிக்கை வெளியிட்டது. நூலக உலகத்துக்கு அது செய்த பெரிய உதவி அது. கீழே வரும் விவரங்களில் பெரும்பகுதி அந்த அறிக்கை சொல்பவை.

நுழைந்த வழி

2020 பிப்ரவரியில் நூலகம் ஒரு டெர்மினல் சர்வரை நிறுவியது. வெளியிலிருந்து வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் நூலகத்தின் சொந்தத் தொழில்நுட்ப நிர்வாகிகளும் உள்ளே வர அதுதான் வாசல். கொரோனாக் காலத்தில் அந்த வாசலின் பயன்பாடு கூடியது. ஃபயர்வால் இருந்தது, வைரஸ் தடுப்பு இருந்தது. பாஸ்வேர்டுக்குப் பிறகு மொபைலில் இரண்டாவதாக ஒரு எண்ணைக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு மட்டும் இல்லை. யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு போலி மின்னஞ்சல் வழியாகவோ, திரும்பத் திரும்ப முயன்று பார்த்ததாலோ கைமாறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த சர்வரே பெரிதும் சேதப்பட்டதால் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரட்டைச் சரிபார்ப்பு பற்றி நூலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 2020-லேயே மின்னஞ்சல் உள்ளிட்ட கிளவுட் சேவைகளுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். நூலகத்தின் உள் நெட்வொர்க்கில் நுழைவதற்கு மட்டும், செலவையும் நடைமுறைச் சிக்கலையும் ஓடிக்கொண்டிருந்த மற்றப் பணிகளுக்கு வரும் இடையூறையும் கருதி, அடுத்த பெரிய புதுப்பிப்பு வரை தள்ளி வைத்தார்கள். வெளி நிறுவனங்கள் உள்ளே வருவது கூடிக்கொண்டே போவது ஆபத்து என்று 2022 கடைசியில் உள் குழு ஒன்று எழுத்திலேயே எச்சரித்திருந்தது. அதை முழுதாகப் பரிசீலிக்கக் குறித்த ஆண்டு 2024.

இந்தத் தள்ளிவைப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு நூலகருக்கும் தன் அலுவலகம் நினைவுக்கு வரும். அறியாமையால் திறந்து கிடந்த கதவு அல்ல அது. எல்லோருக்கும் தெரிந்து, ‘அடுத்த பட்ஜெட்டில்’ என்று தள்ளப்பட்ட கதவு.

சான்றிதழ் விஷயமும் கவனிக்க வேண்டியது. 2019-ல் இந்த நூலகம் ‘சைபர் எசென்ஷியல்ஸ் பிளஸ்’ என்ற பிரிட்டன் அரசின் பாதுகாப்புச் சான்றைப் பெற்றிருந்தது. 2022-ல் அந்தச் சான்றுக்கான விதிகள் கடுமையாயின. பழைய மென்பொருள்களை மாற்றாமல் அந்த விதிகளுக்குள் வர முடியாததால் நூலகம் அந்தத் தகுதியை இழந்தது.

மூன்று நாள்

தாக்கியது ‘ரைசிடா’ என்ற ரேன்சம்வேர் கும்பல்; கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்பவர்கள். சனிக்கிழமை காலையில் கோப்புகள் பூட்டப்பட்டதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் குறைந்தது மூன்று நாள் முன்பே அவர்கள் உள்ளே வந்து வேவு பார்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் 25 இரவு அவர்களின் நடமாட்டம் முதலில் பதிவாகியிருக்கிறது. 26 அதிகாலை 1.15 மணிக்கு நூலகத்தின் தகவல் பாதுகாப்பு மேலாளருக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அவர் அலட்சியமாக விடவில்லை. சந்தேகத்துக்குரிய கணக்கு முடக்கப்பட்டது. காலையிலேயே உள்கட்டமைப்புக் குழுவுக்குத் தகவல் போனது. பலவீனங்களைத் தேடும் ஸ்கேன் ஓட்டினார்கள், பதிவேடுகளைப் புரட்டினார்கள். தீங்கு எதுவும் தெளிவாகத் தென்படவில்லை. பாஸ்வேர்டை மாற்றி அந்தக் கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

28 அதிகாலை 1.30 மணிக்கு 440 ஜிபி தகவல் நூலகத்தை விட்டு வெளியே போயிற்று. அந்த நேரத்தில் வெளியேறும் போக்குவரத்து திடீரென உயர்ந்ததைப் பார்த்து நிறுத்த யாரும் இல்லை.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். எச்சரிக்கை வந்தது, மனிதர் விழித்திருந்தார், நடவடிக்கையும் எடுத்தார். அதற்கு அடுத்த படியில்தான் சறுக்கல். ஒரு கணக்கில் ஊடுருவல் தெரிந்தால் அந்தக் கணக்கை மட்டும் பார்ப்பது போதாது. அது தொட்ட ஒவ்வொரு கணினியையும் பிரித்து வைத்து, வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே கதவைத் திறக்க வேண்டும். அப்படிப்பட்ட நிபுணரை எந்நேரமும் அழைக்கும்படி முன்கூட்டியே ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை அறிக்கையின் 16 பாடங்களில் ஒன்றாகவே எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பப் பிரிவு ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் திணறிக்கொண்டிருந்தது என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை.

எடுத்துப் போனது

மொத்தம் சுமார் 600 ஜிபி, 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆவணங்கள். மூன்று விதமாக அள்ளியிருக்கிறார்கள். நிதி, தொழில்நுட்பம், பணியாளர் ஆகிய பிரிவுகளின் பொது டிரைவ்களை அப்படியே நகலெடுத்தது ஒன்று; எடுத்ததில் 60 சதவீதம் இந்த வழியில். ‘பாஸ்போர்ட்’, ‘கான்ஃபிடென்ஷியல்’ போன்ற சொற்களைப் பெயரில் கொண்ட கோப்புகளை நெட்வொர்க் முழுக்கத் தேடி எடுத்தது இன்னொன்று. மீதி 40 சதவீதம் அது. மூன்றாவதாக, நிர்வாகிகள் பயன்படுத்தும் கருவிகளையே கைப்பற்றி 22 டேட்டாபேஸ்களின் நகலை எடுத்தார்கள்.

அந்த இரண்டாவது வழியில் ஊழியர்களின் சொந்தக் கோப்புகளும் மாட்டிக்கொண்டன. அலுவலகக் கணினியில் சொந்த ஆவணம் வைத்துக்கொள்ள நூலகத்தின் விதி இடம் கொடுத்திருந்தது. வீட்டில் பிரிண்டர் இல்லாதவர் பாஸ்போர்ட்டை ஆபீஸில் ஸ்கேன் செய்து அங்கேயே விட்டுவைப்பது எங்கும் நடப்பதுதான். நவம்பரில் ரைசிடா இந்தத் தகவல்களை 20 பிட்காயின் தொடக்க விலைக்கு ஏலம் விட்டது. பிரிட்டன் அரசின் கொள்கைப்படி நூலகம் பணயம் கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் அவற்றில் பெரும்பகுதி, சாதாரணத் தேடலில் வராத இணையப் பகுதியான டார்க் வெப்பில் கொட்டப்பட்டது. தங்கள் சொந்த ஆவணங்கள் அங்கே கிடக்கின்றனவோ என்ற பயத்தோடுதான் ஊழியர்கள் வாசகர்களுக்கு முன்னால் நின்று ‘கணினி இல்லை, மன்னியுங்கள்’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு தனிநபர் தகவல் ஏன் சிதறிக் கிடந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பழைய மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாது. ஒன்றிலிருந்து பட்டியலை எக்ஸெல்லில் இறக்கி, திருத்தி, இன்னொன்றில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நகல் பொது டிரைவில் தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த நகல்கள்தான் திருடருக்குக் கிடைத்தன.

ஏன் திரும்ப ஏற்ற முடியவில்லை

ரேன்சம்வேர் என்றதும் பூட்டப்பட்ட கோப்புகள்தான் நினைவுக்கு வரும். இங்கே பெரிய சேதம் பூட்டால் வரவில்லை. மீட்பைத் தடுக்கவும் தடயத்தை அழிக்கவும் தாக்கியவர்கள் சில சர்வர்களையே அழித்தார்கள். அறிக்கை மிகக் கடுமையான பாதிப்பு என்று குறிப்பிடுவது இதைத்தான். சேகரிப்புகளின் நகல் கையில் இருந்தது. அவற்றை இறக்கி ஓட்டப் பொருத்தமான உள்கட்டமைப்பு இல்லை.

‘புது சர்வர் வாங்கி ஏற்றிவிட வேண்டியதுதானே’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் முடிச்சு. நூலகத்தின் மென்பொருள்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பிரிவுகளுக்காக வந்து சேர்ந்தவை. சிலவற்றை உருவாக்கிய நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது. சில, பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். தாக்குதலுக்குப் பின் கட்டும் புதிய சர்வர்களில் அந்தப் பழைய சிஸ்டத்தை அனுமதித்தால் அதே ஓட்டை மறுபடி திறக்கும். அனுமதிக்காவிட்டால் மென்பொருள் ஓடாது. இப்படி மீட்கவே முடியாமல் போனவற்றில் முதன்மை நூலக மேலாண்மை மென்பொருளும் ஒன்று. நூற்பட்டியல் தயாரிப்பு, மின்னூல்களைச் சட்டப்படி பெற்றுப் பதிவது, வாசகருக்குப் பொருள் தருவது, நூலகங்களுக்கிடையே கடன் எல்லாமே அதைச் சார்ந்திருந்தன.

நெட்வொர்க்கின் பழைய அமைப்பும் எதிரிக்கே உதவியது. உள்ளே வந்த பிறகு அறைக்கு அறை பூட்டு இல்லாத வீடு மாதிரி. ஒரு மூலையில் நுழைந்தவர் நிதிப்பிரிவின் டிரைவ் வரை நடக்க முடிந்தது. அதே நேரம் கிளவுடில் இருந்த சம்பளப் பட்டியலும் நிதிக் கணக்கும் தடையின்றி ஓடின. எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. கிளவுடுக்கு அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. வெவ்வேறு இடத்தில் இருந்ததால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து விழவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்டன் ஸ்பா கிடங்கின் நிலை இன்னும் வருத்தமானது. தீ பிடிக்காதிருக்க ஆக்ஸிஜன் குறைக்கப்பட்ட உயர்ந்த கூடங்களில், ரோபோ கிரேன்கள் எடுத்துத் தரும் வகையில் பல லட்சம் நூல்களும் செய்தித்தாள்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்பது கணினிக்குத்தான் தெரியும். கணினி போனதும், சுவருக்கு அந்தப் பக்கம் நூல் இருந்தும் கைக்கு வரவில்லை. செயின்ட் பாங்க்ரஸில் இருந்த நூல்களையோ, அழைப்பு எண் தெரிந்து தாளில் எழுதிக் கொடுத்தால், ஊழியர்கள் நடந்துபோய் எடுத்துவர முடிந்தது.

ஆய்வாளர்கள் இழந்தது

வாசிப்பறைகள் மூடப்படவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்பது நாற்காலியும் விளக்கும் அல்லவே. பிரிட்டனின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஒரே இடத்தில் தேடித் தந்த ‘ஈத்தோஸ்’ சேவையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளின் பதிவு இருந்தது. அது முழுதாக இருட்டானது. தன் தலைப்பில் முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய மாணவர், இனி ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியமாகத் தட்ட வேண்டியதாயிற்று.

பாதிப்பு அந்த நூலகத்தோடும் நிற்கவில்லை. 2013 ஏப்ரல் முதல் பிரிட்டனில் மின்னூல்களும் மின்னிதழ்களும், வெளியாகும் நூல்களின் படியைச் சட்டப்படி பெறும் ஆறு வைப்பு நூலகங்களுக்கு உரியவை. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம், டப்ளின் டிரினிட்டி கல்லூரி, ஸ்காட்லாந்து, வேல்ஸ் தேசிய நூலகங்கள் மற்ற ஐந்து. பல பதிப்பகங்கள் அச்சுப்படி அனுப்புவதை விட்டு மின்படி மட்டும் கொடுக்கத் தொடங்கியிருந்தன. அந்த மின்படிகள் நான்கு இடங்களில் சேமிக்கப்பட்டிருந்ததால் எதுவும் அழியவில்லை. ஆனால் வாசகர் திரையில் திறந்து காட்டும் பாதை பிரிட்டிஷ் நூலகத்தின் அமைப்புகளைச் சார்ந்திருந்தது. அதனால் லண்டனில் நடந்த தாக்குதலால் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ளவரால் தன் நூலகம் சட்டப்படி பெற்ற நூலைப் படிக்க முடியவில்லை. முன்பென்றால் அந்த நூல் அவரது நூலக அலமாரியில் அச்சில் நின்றிருக்கும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் இதே நிகழ்வில் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அச்சான நூல்களின் பட்டியலான ‘ஐஎஸ்டிசி’ பிரிட்டிஷ் நூலகத்தின் உழைப்பு. அதன் தகவல் ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பான செர்ல் அமைப்பின் தளத்திலும் இருந்தது. அதனால் ஆய்வாளர்கள் அதை இழக்கவில்லை. 1801-க்கு முன் அச்சான ஆங்கில நூல்களைப் பதியும் ‘ஈஎஸ்டிசி’க்கு அப்படி இரண்டாவது வீடு இல்லை, அது விழுந்தது. பழைய நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்த ஆய்வாளர்கள் தற்காலிகத் தேடல் பக்கம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார்கள். இரண்டு பட்டியல்களின் கதியும் வேறானதற்கு, பணமோ தொழில்நுட்பமோ அல்ல, தகவலை இன்னொருவரோடு பகிர்ந்து வைத்திருந்ததே காரணம்.

தமிழுக்கும் இதில் தொடர்பு உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் நிதியில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தமிழ் அச்சு நூல்கள் டிஜிட்டல் வடிவம் பெற்றன. அந்தப் படங்கள் லண்டன் தளத்தில் நீண்ட காலம் திறக்கவில்லை. மூலப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, டிஜிட்டல் நகல் ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. அந்த விதியின் அருமை அப்போது தெரிந்தது. நம் ஆய்வேடுகள் 5 லட்சத்துக்கும் மேல் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ‘ஷோத்கங்கா’வில் சேர்ந்திருக்கின்றன. அங்கே ஏற்றியாயிற்று என்பதற்காகப் பல்கலைக்கழக நூலகம் தன் பிடிஎஃப் தொகுப்பைக் கைவிட்டால் அது ஈத்தோஸை மட்டும் நம்பியிருந்தது போலாகும்.

கோஹா, டீஸ்பேஸ் வைத்திருக்கும் நூலகத்துக்கு

பிரிட்டிஷ் நூலகத்தின் அளவு வேறு. ஆனால் ஒரு மாவட்டத் தலைநகரின் கலைக்கல்லூரியிலும் இதே ஓட்டைகள் சிறிய வடிவில் இருக்கும். நூற்பட்டியலையும் கடனையும் நடத்தும் கோஹா, ஆய்வேடுகளின் பிடிஎஃப்களைச் சேமித்துத் தரும் டீஸ்பேஸ் என்ற மென்பொருள்களைப் பல நூலகங்கள் வைத்திருப்பதால் அவற்றை வைத்தே பார்க்கலாம்.

டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தில் வழக்கமான முறையில் நிறுவிய கோஹா தினமும் தானாகவே பேக்கப் எடுக்கும். அதை நம்பிப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த பேக்கப் விழுவது அதே சர்வரின் அதே டிஸ்கில், ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘ஸ்பூல்’, அதற்குள் ‘கோஹா’. சர்வர் பூட்டப்பட்டால் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும். அமைப்பை மாற்றாவிட்டால் இரண்டு நாள் நகல் மட்டுமே தங்கும். பழையது தானே அழியும். லண்டனில் எதிரி உள்ளே இருந்தது மூன்று நாள். அந்தக் கணக்கில் பார்த்தால், கையில் மிஞ்சும் எல்லா நகலும் எதிரி நுழைந்த பிறகு எடுத்தவை. குறைந்தது 30 நாள் நகலும், மாதத்துக்கு ஒன்றாக 12 மாத நகலும் வைக்க வேண்டும். ஒரு லட்சம் நூல் உள்ள கல்லூரியின் டேட்டாபேஸ் சுருக்கிய வடிவில் ஒரு பென்டிரைவில் அடங்கும். இடம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகி வைப்பது அடுத்த தவறு. செருகியிருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேர் இன்னொரு டிரைவாகவே பார்க்கும். சர்வர் தன் நகலை வெளியே அனுப்புவதற்குப் பதிலாக, வேறு பாஸ்வேர்டு கொண்ட இன்னொரு கணினி வந்து எடுத்துப் போகும்படி அமைக்க வேண்டும். அப்போது சர்வரைப் பிடித்தவருக்கு பேக்கப் கணினியின் சாவி கிடைக்காது. அதோடு வாரம் ஒருமுறை டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, கல்லூரி முதல்வர் அறை பீரோவிலோ வேறு கட்டடத்திலோ பூட்டி வைக்கலாம். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இதுதான். நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத நகல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதை இன்று அதோடு சேர்க்க வேண்டும்.

கோஹாவின் நகலில் வராத ஒன்று உண்டு. தமிழ்த் தலைப்புகள் சரியாகத் தேடப்பட வேண்டுமென்று கோஹாவின் தேடல் பகுதியான ஜீப்ராவை, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றியிருந்தால், அந்தத் திருத்தம் பொதுவான அமைப்பு ஃபோல்டரில் இருக்கும்; கோஹா எடுக்கும் ‘டம்ப்’ என்ற நகல் அதை எடுத்துக்கொள்ளாது. புது சர்வரில் ஏற்றியதும் ஆங்கில நூல் எல்லாம் வரும், தமிழ் நூல் தேடினால் வராது. ‘தகவல் போய்விட்டது’ என்று பதறுவார்கள். தகவல் போகவில்லை, அமைப்பு போயிருக்கிறது. அந்தக் கோப்பைத் தனியே நகலெடுத்து, என்ன மாற்றினோம் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை நூற்பதிவுகளை, நூலகங்களின் பொது வடிவமான ‘மார்க்’ கோப்பாகவும் இறக்கி வைப்பது நல்லது. டேட்டாபேஸ் நகலை கோஹா மட்டுமே படிக்கும். மார்க் கோப்பை எந்த நூலக மென்பொருளும் படிக்கும். பிரிட்டிஷ் நூலகத்துக்கு நேர்ந்ததுபோல் பழைய மென்பொருளே இனி இல்லை என்ற நிலை வந்தால் இதுதான் கைகொடுக்கும்.

டீஸ்பேஸில் சிக்கல் வேறு. அதில் இரண்டு பகுதி உண்டு: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், பிடிஎஃப்கள் கிடக்கும் ‘அசெட்ஸ்டோர்’ ஃபோல்டர். அசெட்ஸ்டோரில் கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் நீண்ட எண். பிடிஎஃப் என்ற வால்கூட இருக்காது. டேட்டாபேஸ் இல்லாமல் அந்த ஃபோல்டரை மட்டும் மீட்டால், ஆயிரக்கணக்கான ஆய்வேடுகளில் எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். டேட்டாபேஸை மட்டும் மீட்டால் தலைப்பு வரும், கோப்பு வராது. முதலில் டேட்டாபேஸ், அதன்பின் அசெட்ஸ்டோர் என்ற வரிசையில் நகலெடுக்க வேண்டும். அப்போது டேட்டாபேஸ் சொல்லும் ஒவ்வொரு கோப்பும் ஃபோல்டரில் இருக்கும். வரிசை மாறினால் இடையில் பதிவேறிய ஆய்வேடுகள் பெயருக்கு மட்டும் நிற்கும். தேடல் குறியீட்டை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்த்தார்கள், இறக்கினார்கள் என்று தேடல் பகுதியான சோலரில் சேரும் புள்ளிவிவரத்தை உருவாக்க முடியாது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு அந்த எண்ணிக்கை வேண்டுமென்றால் அதையும் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

வாசலைப் பொறுத்தவரை, லண்டனின் டெர்மினல் சர்வருக்குச் சமமானது நம் நூலகங்களில் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் உள்ளே வரும் வழி. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் எப்போதும் திறந்தே இருக்கும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அது மாறாது. வேலை இருக்கும்போது மட்டும் திறந்து, முடிந்ததும் மூடி, யார் எப்போது வந்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். சர்வரின் நிர்வாகி நுழைவுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கோஹாவின் ஊழியர் பக்கம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கத் தேவையில்லை. கல்லூரி நெட்வொர்க்குக்குள் மட்டும் போதும்.

வாசகர் தகவலையும் குறைக்க வேண்டும். படித்து முடித்துப் போன மாணவர்களின் கைபேசி எண், முகவரி, ஆதார் நகல் ஆண்டுக்கணக்கில் எதற்கு? கோஹாவில் பழைய உறுப்பினர்களை மொத்தமாக நீக்கவும், அவர்களின் கடன் வரலாற்றிலிருந்து பெயரை எடுக்கவும் கருவி இருக்கிறது. பாக்கி இல்லை என்று உறுதிசெய்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டலாம். முன்மேசைக் கணினியின் டெஸ்க்டாப்பில் கிடக்கும் ‘மாணவர் பட்டியல் புதியது 3’ போன்ற எக்ஸெல் கோப்புகளையும் அன்றே அழிக்கலாம்.

இந்தியாவில் சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. யாருக்குச் சொல்வது, எந்த எண், யார் கையெழுத்து என்பதெல்லாம் அச்சிட்டுச் சுவரில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் நின்ற பிறகு மின்னஞ்சலில் தேட முடியாது.

ஏற்றிப் பார்க்கும் நாள்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, நகலை உண்மையில் ஏற்றிப் பார்ப்பது. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், ஒரு பழைய கணினி போதும். அதே பதிப்பு ஆபரேட்டிங் சிஸ்டம், அதே பதிப்பு கோஹா நிறுவ வேண்டும். புதிய பதிப்பில் எடுத்த நகலைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. அதனால் பதிப்பு எண்ணையும் நகலோடு எழுதி வைக்க வேண்டும். டம்ப்பையும் அமைப்புக் கோப்பையும் கொடுத்து மீட்பு ஆணையை ஓட்ட வேண்டும். அதன்பின் ஜீப்ரா குறியீட்டை முழுதாக மறுபடி கட்ட வேண்டும்; அது கட்டப்படாவிட்டால் பதிவுகள் உள்ளே இருந்தும் தேடலில் ஒன்றும் வராது.

ஏறியதும் சரிபார்க்க வேண்டியவை: மொத்தப் பதிவு எண்ணிக்கை முந்தைய நாள் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா, ஒரு தமிழ்த் தலைப்பு தேடலில் வருகிறதா, தெரிந்த மாணவர் ஒருவரின் கணக்கில் அவர் எடுத்த நூல் தெரிகிறதா, அலமாரியிலிருந்து எடுத்த ஒரு நூலின் பார்கோடை அடித்தால் சரியான நூல் வருகிறதா. டீஸ்பேஸில் ஏதேனும் பத்து ஆய்வேடுகளைத் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். முதல் முறை இரண்டு மூன்று நாள் ஆனாலும் வியப்பில்லை. எங்கே நின்றது என்பதுதான் அந்த நாளின் பயன்.

அந்த இரண்டு மூன்று நாளும் நூலகம் தாளில் ஓட வேண்டும் என்பதையும் ஒத்திகையிலேயே சேர்க்கலாம். உறுப்பினர் எண், சேர்க்கை எண், தேதி, கையெழுத்து என்று நான்கு கட்டம் கொண்ட சீட்டு 500 அச்சிட்டு வைத்தால் போதும். பாஸ்டன் ஸ்பா போல நம் நூலகங்களில் ரோபோ இல்லை. நூல் முதுகில் அழைப்பு எண் சரியாக ஒட்டியிருந்தால், அலமாரி வரிசை குலையாமல் இருந்தால், கணினி இல்லாமலும் நூலை எடுத்துக் கொடுக்கலாம். முதுகுச் சீட்டு உதிர்ந்த நூல்களை ஒட்டும் வேலையும் இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி.

ஒத்திகையை, கோஹாவை நிறுவியவர் செய்யக் கூடாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. எழுதி வைத்த தாளை மட்டும் வைத்துக்கொண்டு உதவி நூலகரோ, கணினித் துறை ஆய்வக உதவியாளரோ ஏற்ற வேண்டும். அவர் தடுமாறி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை அங்கேயே பேனாவால் எழுதிச் சேர்த்து, புதிதாக அச்சிட்டு, ஒரு படியைக் கழற்றிய டிஸ்க்கோடு அதே பீரோவில் வைக்க வேண்டும்.